பள்ளிக்கூடம் கைகழுவலாமா?

3.8.2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

"கை கழுவுவது, நகம் வெட்டுவது, காய்கறி சாப்பிடுவது எல்லாம் வீட்டில் வர வேண்டிய பழக்கம். பள்ளிக்கூடம் பாடம் நடத்தினால் போதும். என் மகன் பள்ளியில் ஆரோக்கிய வாரம் கொண்டாடினார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நான் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் கேரட் படம் வெட்டி ஒட்டினேன். மகன் தூங்கிவிட்டான். பள்ளிக்கூடத்தால் ஒரு பிள்ளைக்காவது நல்ல பழக்கம் வந்ததாக யாராவது காட்ட முடியுமா?"

3.8.2025, இரவு

கேரட்டுக்கு என் அனுதாபம். மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 34 வருஷம் வேலை பார்த்தேன், கடைசி ஆறு வருஷம் ஹெச்.எம். 2023 மே மாதம் ஓய்வு. "வீட்டில் வர வேண்டியது" என்கிறீர்கள், எந்த வீட்டில்? எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, கண் விழிக்கும்போது அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருக்க மாட்டார்கள். நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போயிருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்காதான் ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குத் தலை வாரி விடுவாள். குழாய் தெருமுனையில் இருக்கும். அந்த அக்காவுக்கு யார் சொல்லித்தருவது?

காட்ட முடியுமா என்று கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன். சத்துணவு மணி அடித்தால் தட்டோடு வரிசை, வரிசை போகிற வழியில் குழாய், கை நனையாதவனுக்குச் சோறு இல்லை. ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் விடாது. ஒரு அம்மா வந்து புகார் மாதிரியே சொன்னார்: "என்னா டீச்சர், சோறு போட்டா வாசல்ல போய் நின்னுகிட்டு தண்ணி ஊத்துங்கிறான்!" எனக்கு நல்லாசிரியர் விருது வரவில்லை. அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

4.8.2025

நேற்று எழுதியதில் "கை நனையாதவனுக்கு" என்று எழுதிவிட்டு "கை கழுவாதவனுக்கு" என்ற தோரணையில் பேசியிருக்கிறேன். இரண்டும் வேறு. சோப்பு இல்லாமல் நனைத்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். சோப்புக்குப் பள்ளி மானியத்தில் இடம் இருந்தது, வாங்கியும் வைத்தோம். காலையில் வைத்தால் மத்தியானம் இருக்காது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஒரு கட்டத்தில் சோப்பை என் மேசை டிராயரில் பூட்டி வைத்தேன். பூட்டிய சோப்பால் யாருக்கு என்ன பயன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியும்.

5.8.2025

"சோறு போடுவது அரசாங்கத்தின் வேலை, பழக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று இன்னொருவர்.

சம்பந்தம் இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தது, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலம். பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு 1956இல் காமராஜர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். எல்லாம் பசிக்காகத்தான். ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் உட்கார்ந்து, காய் போட்ட சாம்பாரைச் சாப்பிடுகிற பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்காமலே ஒரு பழக்கம் வந்துவிடுகிறது.

முட்டையைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1989இல்தான் கலைஞர் சத்துணவில் முட்டை சேர்த்தார், இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளில் பிள்ளைகள் முட்டையைச் சாப்பிட மாட்டார்கள். டவுசர் பையில் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் குட்டித் தம்பிக்குக் கொண்டுபோவார்கள். நசுங்கி, சட்டையெல்லாம் மஞ்சள் கரு. இப்போது வாரம் ஐந்து முட்டை. யாரும் பையில் போடுவதில்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். "புரதச்சத்தின் அவசியம்" என்று நான் கரும்பலகையில் எழுதிய நாளெல்லாம் வீண், முட்டை தானே பாடம் நடத்திக்கொண்டது.

5.8.2025, பின்னொட்டு

சுண்டலை விட்டுவிட்டேன். எங்கள் சத்துணவு சமையலர் அம்மா செய்கிற சுண்டலுக்கு ஆசிரியர்களே தட்டோடு நிற்போம். கணக்கில் வராது, எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன்.

7.8.2025

காலை உணவு பற்றிக் கேட்ட தம்பிக்கு. பள்ளியிலேயே காலை உணவு போடும் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளிக்கு வந்தபோது நான் ஓய்வு பெற்று மூன்று மாதம். எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

திங்கட்கிழமை ப்ரேயரில் ஒரு பிள்ளையாவது மயங்கி விழும். நாங்கள் வெயில் என்று சொல்லி நிழலுக்குத் தூக்கிப் போவோம். ஒன்பதே கால் மணிக்கு என்ன வெயில்? ஞாயிறு ராத்திரி சரியாகச் சாப்பிடாமல், காலையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றிருக்கும். "காலை உணவைத் தவிர்க்காதீர்" என்று சுவரில் எழுதியிருந்தது, நல்ல பச்சை பெயின்ட். அந்த வாசகத்துக்கு நேர் கீழே ஒரு பிள்ளை விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிடைக்கிறது. மயக்கம் குறைந்துவிட்டது என்று இப்போதைய ஹெச்.எம். சொல்கிறார். சுவரைப் போன வருஷம் வெள்ளையடித்துவிட்டார்களாம். நல்லது.

9.8.2025

இன்று நீளமாக எழுதப்போகிறேன்.

பள்ளிக்கூடம் பழக்கம் கற்றுத்தருமா என்று கேட்டீர்கள். கெட்ட பழக்கத்தை எவ்வளவு நன்றாகக் கற்றுத்தருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது அப்படி ஒரு பழக்கம். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் காலையில் எப்படிக் கொண்டு வந்தார்களோ அப்படியே சாயங்காலம் கொண்டுபோவார்கள். ஏன் என்று கேட்டால் தாகம் இல்லை என்பார்கள். தாகம் இல்லாமல் இருக்குமா, பங்குனி வெயிலில்? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்றில் தாழ்ப்பாள் இருக்கும், தண்ணீர் வராது. மூன்றாவது ஆசிரியர்களுக்கு, பூட்டு. போக முடியாத இடத்துக்குப் போக வேண்டி வராமல் இருக்க, குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதில் கற்றது அறுபதிலும் போகாது.

எனக்கு எப்படித் தெரியும்? நானே அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஒன்பது வருஷம் எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கும் கழிப்பறை கிடையாது. காலை எட்டு மணிக்கு ஒரு டம்ளர் காபி, பிறகு சாயங்காலம் வீடு வந்துதான் தண்ணீர். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தேன். டாக்டர் "தண்ணீர் நிறையக் குடிங்க, அடக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்தார். வகுப்பில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்! ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் மத்தியானத்தில் எனக்குத் தாகம் எடுப்பதில்லை. மகள் டம்ளரைக் கையில் திணிக்கிறாள்.

தண்ணீர் மணி என்று கேரளத்தில் 2019இல் கொண்டுவந்தார்கள், மணி அடித்தால் எல்லாப் பிள்ளையும் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த ஆண்டு தமிழ்நாட்டிலும் வந்திருக்கிறது. நல்ல யோசனைதான். சொல்வதை விட மணி அடிப்பது எப்போதும் மேல். ஆனால் மணி அடிப்பதற்கு முன்னால் தாழ்ப்பாள் போடுங்கள். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் தண்ணீர் மணி அடித்தால் பெண் பிள்ளைகள் வாயில் ஊற்றுவதுபோல ஊற்றிச் சட்டையில் விட்டுக்கொள்வார்கள். அதையும் கற்றுக்கொள்வார்கள்.

மாதவிலக்கு நாட்களில் என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாப்கின் அரசு கொடுத்தது, புதுயுகம் திட்டம், நல்ல திட்டம். பயன்படுத்தியதை எங்கே போடுவது என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு வாளி கூட இல்லை. மூன்று நாள் லீவு போட்டுவிடுவார்கள். பதிவேட்டில் "காய்ச்சல்" என்று எழுதுவேன்.

9.8.2025, இரவு

மேலே எழுதியதைப் படித்த ஒரு ஆசிரியர் கோபித்துக்கொண்டார்: "தூய்மைப் பணியாளருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரியுமா? எழுதினீர்களா?" உண்மை, எழுதவில்லை. அந்தச் சம்பளத்தில் யாரும் நிலைக்க மாட்டார்கள். நாங்கள் கைக்காசு போட்டோம், மூன்று மாதம்.

12.8.2025

பூச்சி மாத்திரை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாள் வரும், 2015 முதல் நாடு முழுக்க. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், சப்பிச் சாப்பிட வேண்டும், டீச்சர் கண் எதிரே. முதல் வருஷம் "மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம்" என்று பக்கத்து ஊரிலிருந்து ஒரு வதந்தி வந்து, பதினொரு மணிக்குப் பள்ளி வாசலில் நாற்பது அம்மாக்கள். நானே ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சப்பிக் காட்டினேன். கிராம சுகாதார செவிலியர் சிரித்தார்: "மேடம், உங்களுக்கும் தேவைதான்."

ஒருவன் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் துப்பினான். பிடித்துக்கொண்டு இன்னொன்று கொடுத்தேன். அதையும் துப்பினான். மூன்றாவது தடவை கடலை மிட்டாயைக் காட்டிக் கொடுத்தேன். இது சரியான முறை இல்லை, தெரியும்.

மாத்திரை புழுவைக் கொல்லும், வழியை அடைக்காது. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறும். அரசு விலையில்லாக் காலணி கொடுக்கிறது, எங்கள் பிள்ளைகள் அதைத் திருவிழாவுக்கு எடுத்து வைத்துவிட்டு வெறுங்காலில் வருவார்கள். திருவிழா வருவதற்குள் கால் வளர்ந்துவிடும்.

நீல மாத்திரையும் உண்டு, ஆறாம் வகுப்புக்கு மேல் வாரம் ஒன்று, இரும்புச்சத்து. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும், கூடவே டீ குடித்தால் உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் ஒரு வருஷம் சொல்ல மறந்தேன். மறுநாள் பாதி வகுப்பு பயத்தில் வரவில்லை.

14.8.2025

"கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது பற்றி எழுதுங்கள்."

எழுதுகிறேன். நானும் வாங்கியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்ததில்லை. உதயநிதி ஒரு மேடையில், விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் கணக்கு, அறிவியல் பீரியடை விளையாட்டுக்குக் கடன் கொடுங்கள் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த நான் தட்டவில்லை.

17.8.2025

பேத்தி பள்ளி. தனியார், சி.பி.எஸ்.இ., நான்காம் வகுப்பு. இந்த மே மாதம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் பள்ளியில் வைத்துவிட்டார்கள். எந்தப் பானத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று படம் போட்டிருக்கும். முதலில் நானும் உங்களைப் போலத்தான் சிரித்தேன், இன்னொரு சார்ட் என்று.

அடுத்த வாரம் அவள் சமையலறைக்கு வந்து என் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாட்டி, ஒரு காபிக்கு ரெண்டு ஸ்பூன். ஒரு நாளைக்கு நாலு காபி. எட்டு ஸ்பூன். நாற்பது கிராம்." உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நான்காம் வகுப்புக் கணக்கு, தப்பே இல்லை. கூல்டிரிங்க்ஸ் 250 மில்லி பாட்டிலில் அந்த 25 கிராம் மொத்தமாகப் போய்விடும் என்றும் சொன்னாள். நான் காபியை மூன்றாகக் குறைத்தேன், ஸ்பூனை ஒன்றரையாக. இந்த வயதில் எனக்குப் பழக்கம் மாறியது பள்ளிக்கூடத்தால்தான், நான் படிக்காத பள்ளிக்கூடத்தால்.

ஆகவே கேரட் தம்பி, ஒரு சார்ட்டாவது வேலை செய்திருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

20.8.2025

முந்தைய குறிப்பில் கொஞ்சம் பெருமை அதிகமாகிவிட்டது. மீதியையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறந்து பார்க்கிறார்கள். சிப்ஸ் இருந்தால் டைரியில் குறிப்பு. பேத்தி டப்பாவில் ஆப்பிள் துண்டு, சிப்ஸ் வேனில். வேன் டிரைவர் அண்ணனுக்கும் ஒரு கைப்பிடி. பிடிபடாமல் சாப்பிடுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது.

போன வாரம் வகுப்பில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து எடை பார்த்திருக்கிறார்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லி ஒரு டீச்சர், எழுதிக்கொள்ள ஒரு டீச்சர். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள் இரண்டாவது தோசை வேண்டாம் என்றாள். "நான் குண்டா பாட்டி?" ஒன்பது வயது. எடை பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணை ஏன் சத்தமாகப் படிக்கிறார்கள்? மார்க் படிக்கிற வழக்கம் எடைக்கும் வந்துவிட்டது. நாங்களும் மார்க்கை அப்படித்தான் படித்தோம்.

21.8.2025

அப்புறம் வாசலில் இருக்கும் கடை. சட்டப்படி கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 2003 சட்டம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டரிலும் விற்கக் கூடாது, இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை. எங்கள் பள்ளி வாசலிலிருந்து கடைக்கு நான் நடந்து பார்த்தேன். பதினெட்டு அடி.

கடைக்காரப் பாட்டியிடம் பேசினேன். முன்பு அவர் நெல்லிக்காய், இலந்தைவடை, கொடுக்காப்புளி, அவித்த கடலை விற்றவர். இப்போது ஐந்து ரூபாய் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. "கடலை அவிச்சு வித்தா என்னம்மா?" என்றேன். "சாயங்காலம் மிஞ்சினா நீ வாங்கிக்குவியா டீச்சர்? பாக்கெட்டு ஆறு மாசம் தொங்கும்." எனக்குப் பதில் இல்லை. சட்டத்தைச் சொல்லிக் கடையை எடுக்க வைத்திருக்கலாம். செய்யவில்லை. பீடி, பான்பராக் தொங்கியதை மட்டும் எடுக்க வைத்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி வெள்ளிக்கிழமை மிஞ்சும் கடலையை நாங்களே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். இரண்டு மாதம் ஓடியது.

25.8.2025

"ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையையும் கழிப்பறையையும் சுத்தம் செய்கிறார்கள். நம் ஊரில் செய்யச் சொன்னால் டீச்சர் மேல் கேஸ். பிறகு எப்படிப் பழக்கம் வரும்?" இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஜப்பானில் செய்வது சுத்தம் மட்டும் இல்லை. சாப்பாட்டையும் பிள்ளைகளே வெள்ளை ஏப்ரன், தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். உணவுக் கல்விக்கென்றே 2005இல் சட்டம் போட்டார்கள். எல்லாப் பிள்ளையும் முறை வைத்து எல்லா வேலையும் செய்வதுதான் அதன் சூட்சுமம்.

இங்கே "பிள்ளைகளே சுத்தம் செய்யட்டும்" என்றால் எந்தப் பிள்ளை என்பது சொல்லாமலே முடிவாகிவிடும். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ அனுப்பித் தலைமை ஆசிரியர்கள் கைதான செய்திகளைப் படித்திருப்பீர்கள். சமையல் செய்கிறவர் எந்தச் சாதி என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரும் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். கேஸ் போடுவது சரிதான்.

எங்கள் பள்ளியில் நான் சுழற்சி முறை வைத்திருந்தேன். வகுப்பறை பெருக்குவது, குழாயடி சுத்தம், எல்லாம் பெயர்ப் பட்டியல்படி. அதில் எனக்குப் பெருமை உண்டு.

2.9.2025

திருத்தம். சிரிக்கலாம்.

4.8 குறிப்பில் பிள்ளைகள் சோப்பை எடுத்துப் போய்விடுவார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. 1990களில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது திருப்பூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், இதைப் படித்துவிட்டு போன் செய்தாள். "டீச்சர், சோப்ப எடுத்தது நாங்க இல்ல. காக்கா."

காக்கா! குழாய்த் திண்டில் வைத்த சோப்பைக் கொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் போய்விடுமாம். மரத்தடியில் பாதி தின்ற சோப்பை அவர்கள் பொறுக்கியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாமல் 34 வருஷம்!

சோப்பை டிராயரில் பூட்டி வைத்தது காக்காவுக்குப் பயந்து என்று இனிமேல் சொல்லிக்கொள்ளலாம்.

3.9.2025

நேற்று சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன். போன் அதோடு நிற்கவில்லை.

"அப்பவே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க பைய சோதனை போட்டுட்டு இருந்தீங்க டீச்சர். யாரு சொல்லுவா?"

சோதனை போட்டது ஞாபகம் இருக்கிறது. எல்லோர் பையையும் பார்த்ததாகத்தான் என் ஞாபகம். அவள் ஞாபகம் வேறு. "எங்க தெருப் பிள்ளைங்க பையத்தான் மொதல்ல பாப்பீங்க. அப்புறம் மணி அடிச்சிரும்."

சுழற்சி முறையைப் பற்றியும் சொன்னாள். பெயர்ப் பட்டியல் உண்மைதான், சுவரில் ஒட்டியிருந்ததும் உண்மைதான். பெருக்குவது, கரும்பலகை துடைப்பது பட்டியல்படி. குழாயடிச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் பட்டியலைப் பார்க்காமல் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேனாம். நான்கு பெயர். அதில் அவள் பெயர் ஒன்று. கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஸ்நாக்ஸ் கட்டிக்கொண்டே சொன்னாள். நடுவில் "இருங்க டீச்சர், பால் பொங்குது" என்று போய்விட்டு வந்தாள்.

நான் அந்த நான்கு பெயரை ஏன் கூப்பிட்டேன்? "அவர்கள் சொன்ன வேலையைச் செய்வார்கள்" என்று நினைத்தேன், வேறு எதுவும் நினைத்ததாக நினைவில்லை. 25.8 குறிப்பை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். "பெருமை உண்டு" என்ற வரியையும் விட்டுவைத்திருக்கிறேன்.

3.9.2025, இரவு

ஒருவர்: "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் டீச்சர், விடுங்கள்." விட முடியவில்லை தம்பி. அவளுக்குப் பதினோரு வயது.

11.9.2025

இடையில் சிலர் கேட்டவை, சுருக்கமாக.

பல் தேய்ப்பது பள்ளியில் நடக்குமா? பிலிப்பைன்ஸில் நடக்கிறது. பிள்ளைகள் கூட்டமாக நின்று தினமும் கை கழுவிப் பல் தேய்க்கிறார்கள், அதோடு பூச்சி மாத்திரை. விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை, ஓட்டை போட்ட நீளக் குழாயில் தண்ணீர், அவ்வளவுதான்.

கண்? கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகத் தருகிறார்கள். கடைசி பெஞ்சு மக்கு என்று நான் நினைத்த ஒருவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று அப்படித்தான் தெரிந்தது.

கொரோனாவுக்குப் பிறகு பழக்கம் நிலைத்ததா? ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது வாசலில் சோப்பு, சானிடைசர், கால் மிதித் தண்ணீர்த் தொட்டி. இருபது விநாடி எண்ணிக் கழுவினார்கள், பாட்டே கட்டினார்கள். அடுத்த ஜூனில் சோப்பு இல்லை. பாட்டு மட்டும் இருந்தது, அபிநயத்தோடு.

16.10.2025

நேற்று உலகக் கைகழுவும் தினம். பழைய பள்ளியில் கூப்பிட்டார்கள், போனேன். பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாயடியை எண்ணினேன்: ஏழு குழாய், மூன்றில் தண்ணீர். ஹெச்.எம். பஞ்சாயத்துக்கு எழுதியிருக்கிறாராம்.

திருப்பூர்ப் பெண் சொன்ன யோசனையைக் கொண்டுபோயிருந்தேன். சின்ன வெங்காயம் வரும் சிவப்பு நைலான் வலை, அதற்குள் சோப்பைப் போட்டு முடிச்சிட்டுக் குழாய்க் கழுத்தில் கட்டிவிட்டால் போதும். தேய்த்தால் நுரை வலை வழியாக வரும், சோப்பு வழுக்கிச் சாக்கடையிலும் விழாது. மூன்று குழாய்க்கு மூன்று வலை. ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து கட்டினார்கள், நானும் உட்கார்ந்து கட்டினேன், முடிச்சு எனக்கு வரவில்லை. கேரட் தம்பி, இதற்கு சார்ட் பேப்பர் தேவைப்படவில்லை.

பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்திருக்கிறது. உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். விழுகிறது.

21.10.2025

ஹெச்.எம். போன் செய்தார். இரண்டு வலை இருக்கிறதாம். மூன்றாவதைக் காணவில்லை, வலையோடு. பிள்ளைகளிடம் விசாரிக்கட்டுமா என்றார்.

முதலில் வேப்பமரத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.